பழைய வண்டியைப் பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா?

நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் குலை வெட்டியவர். ஓய்வு பெற்ற பின் தம் தகப்பனார் விட்டுச் சென்ற மூன்று ஏக்கர் செம்பனையைப் பார்த்துக் கொள்கிறார். அம்மையார் கீரையும் வெண்டையும் மிளகாயும் பயிரிட்டு, வாரத்தில் மூன்று நாள் இரவுச் சந்தையில் விற்கிறார். இரண்டு வேலைக்கும் துணை, இருபத்திரண்டு வயதான ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி. அது ஒருநாள் மேடு ஏறும்போது புகையைக் கக்கி நின்றுவிட்டது. எஞ்சினை இறக்கிப் பழுது பார்த்ததில் 4,200 வெள்ளி செலவு. வண்டி புதுக்குதிரை போல ஓடிற்று. மூன்றாம் மாதம், பின் சக்கரத்துக்கு மேலே அடிச்சட்டம் விரிந்து, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கு முதல் நாள்தான் பேரப்பிள்ளைகள் இருவரும் அதே பெட்டியில் உட்கார்ந்து கோயிலுக்குப் போய் வந்திருந்தார்கள்.

பெட்டியில் ஆள் ஏற்றுவது ஆபத்து, சட்டத்துக்கும் புறம்பு. அதைத் தனியாகவே பேச வேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த 4,200 வெள்ளியைப் பற்றி. பணம் செலவானது தவறன்று. செலவு செய்த வரிசைதான் தவறு. முதலில் எலும்பைப் பார்க்க வேண்டும், பிறகுதான் இருதயத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியையும் மாற்றலாம். அடிச்சட்டம், அதாவது பட்டறைக்காரர் 'சேசிஸ்' என்று சொல்லும் அந்த இரும்புச் சட்டம், உளுத்துப் போனால் வண்டியே போயிற்று.

அதை நாமே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, ஒரு கைவிளக்கும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பாருங்கள். 'ஜேக்' மட்டும் வைத்துத் தூக்கிவிட்டு அடியில் நுழையாதீர்கள். சட்டத்தை நெடுகிலும் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'ணங்' என்று பேசும். உளுத்த இரும்பு 'தொப்' என்று சொல்லும். பொருக்குப் பொருக்காக உதிரும். முக்கியமாகப் பின் ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தோடு பிணையும் இடங்களைப் பாருங்கள். சேறு போய் அடைத்துக்கொள்வதும் அங்கேதான், பாரம் அழுத்துவதும் அங்கேதான். நம் வண்டிகளுக்கு இன்னொரு பகையும் உண்டு. அது உரமூட்டை. அமோனியம் சல்பேட், பொட்டாஷ் போன்ற உரங்கள் சிந்தி ஈரத்தோடு சேர்ந்தால், மழைநீரைக் காட்டிலும் விரைவாக இரும்பைத் தின்றுவிடும். உரம் ஏற்றிய அன்றே பெட்டியையும் அடியையும் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சட்டம் உறுதியாக இருந்தால் வண்டியைக் காப்பாற்றலாம். அதன் பிறகு எஞ்சினைக் கேளுங்கள். அது புகையால் பேசும். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. காற்று வடிகட்டியை மாற்றினாலோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தாலோ பல சமயம் தீர்ந்துவிடும். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வெண்புகை வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் எஞ்சின் தலைப்பக்கத்துக் கோளாறு. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து 'புஸ் புஸ்' என்று புகை தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அப்போது சிலர் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய வண்டியின் எஞ்சினை, 'ஆஃப்-கட்' என்பார்களே, அதை வாங்கிப் பொருத்துவார்கள். மலிவுதான். ஆனால் இரசீதும் சுங்கத் தாளும் இல்லாத எஞ்சினை வாங்காதீர்கள். எஞ்சின் எண் மாறினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி அனுமதி பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். தாள் இல்லாவிட்டால் அந்த எண்ணே நமக்கு வம்பாகும்.

வண்டியை 'மேம்படுத்துவது' என்றால் நம் இளைஞர்கள் பலருக்கு முதலில் தோன்றுவது கூடுதல் ஸ்பிரிங் பட்டையும் பெரிய டயரும்தான். பட்டை கூடினால் இரண்டு டன் ஏற்றலாம் என்று எண்ணுகிறார்கள். வண்டி தாழாது, உண்மை. ஆனால் பிரேக் அதே பிரேக். அச்சு அதே அச்சு. சட்டமும் அதே சட்டம். ஒரு டன்னுக்குச் செய்த பிரேக், மழை பெய்த செம்மண் இறக்கத்தில் இரண்டு டன்னை நிறுத்தாது. பழைய வண்டியில் பணம் போடுவதாக இருந்தால் முதல் வெள்ளி பிரேக்குக்கும், இரண்டாவது ஸ்டீயரிங் மூட்டுகளுக்கும், மூன்றாவது டயருக்கும் போகட்டும். மினுக்கும் பெயிண்டு கடைசியில் வரட்டும், அல்லது வராமலே போகட்டும்!

இனி புதுவண்டி. இங்கே காகிதமும் பென்சிலும் வேண்டும். அம்மையாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக் கணக்கு அவரிடம்தான் இருக்கும். 100,000 வெள்ளி விலையுள்ள வண்டிக்கு 10,000 வெள்ளி முன்பணம் கட்டி, 90,000 வெள்ளி கடன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு, ஒன்பது ஆண்டு. முதலுக்கே வட்டி போடும் சமவட்டி முறையில், வட்டி மட்டும் 28,350 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 1,096 வெள்ளி. நீண்ட காலம் நம் நாட்டில் வண்டிக் கடன்கள் இந்த முறையில்தான் கொடுக்கப்பட்டன. கட்டக் கட்ட முதல் குறைந்தாலும், வட்டி முழு முதலுக்கே கணக்காகும். குறையும் முதலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அந்த மூன்றரை உண்மையில் ஆறு விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே கடன் கேட்கும்போது, எந்த முறையில் வட்டி என்பதையும், மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்போம் என்பதையும் தவறாமல் கேளுங்கள்.

மூன்று ஏக்கரில் ஆண்டுக்கு 20 டன் குலை, டன் 800 வெள்ளி என்று கொண்டால் வரவு 16,000 வெள்ளி. தவணை ஆண்டுக்கு 13,150 வெள்ளி. மீதியில் உரம் வாங்குவதா, அரிசி வாங்குவதா? குலையை ஏற்றிச் செல்லும் லோரிக்காரருக்கு, ஒரு பேச்சுக்கு டன்னுக்கு 50 வெள்ளி கொடுத்தாலும் ஆண்டுக்கு ஆயிரம் வெள்ளிதான் ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்! குலைக்காக மட்டும் புதுவண்டி வாங்குவது கட்டாது. இந்தக் குடும்பத்துக்கு வண்டி தேவைப்பட்டது அம்மையாரின் சந்தை வியாபாரத்துக்காக. அந்த வரவை யாரும் எழுதி வைக்கவே இல்லை.

வரவிலும் ஏற்ற இறக்கம் உண்டு. செம்பனை ஆண்டின் தொடக்க மாதங்களில் காய்ப்புக் குறைந்து நிற்கும். ரப்பருக்கோ இலையுதிர்காலம், அடைமழைக்காலம். தவணைக்கு இலையுதிர்காலம் கிடையாது. எனவே நல்ல மாதத்து வரவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மிக மோசமான மாதத்தில் கட்ட முடியுமா என்று பாருங்கள். கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறி, முறையான அறிவிப்புக் கொடுத்து 21 நாள் கடந்த பிறகே வண்டியைக் கைப்பற்றலாம். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். கடன்காரர் ஆள் வந்து மிரட்டினால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பழைய வண்டிக்கும் தவணை உண்டு, அது பட்டறையிலும் டீசல் நிலையத்திலும் ஒளிந்திருக்கிறது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தபோது, மாதம் 150 லிட்டர் ஊற்றியவருக்கு ஒரே நாளில் 180 வெள்ளி கூடுதல் செலவாயிற்று. எனவே ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஆறு மாதம் எழுதி வாருங்கள்: டீசல், எண்ணெய், பட்டறைச் செலவு, வண்டி நின்றதால் போன சந்தை நாள்கள். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டிய குலை கிடந்து கெட்டதையும் எழுதுங்கள். ஆறு மாதத் தொகையை ஆறால் வகுத்தால் பழைய வண்டியின் உண்மையான தவணை வந்துவிடும்.

அந்தப் பெரியவர் கடைசியில் புதுவண்டியும் வாங்கவில்லை. உளுத்த சட்டத்துக்கு ஒட்டுப் போடவும் இல்லை. ஏழு வயதான ஒற்றை அறை வண்டி ஒன்றைத் தேடினார். முதலில் காட்டிய வண்டி பளபளவென்றிருந்தது. மருமகன் இருக்கையை நகர்த்தி, அடியிலிருந்த தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தார். துருவும் மெல்லிய வண்டலும் கையோடு வந்தன. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த பெருவெள்ளம் போன்றவற்றில் மூழ்கிய வண்டிகள் இப்படித்தான் கழுவி மெழுகி விற்பனைக்கு வருகின்றன. அதை விட்டு, மூன்றாவதாகப் பார்த்த வண்டியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகே வாங்கினார். பழைய ஹைலக்ஸ் பழைய இரும்புக்குப் போயிற்று. போகும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அதன் பதிவை இரத்து செய்தார்கள். நீங்களும் பழைய வண்டியை இரும்புக்குப் போட்டால் பதிவை இரத்து செய்யுங்கள். ஓட்டுவதற்கென்று விற்றால் பணம் வாங்கும் போதே பெயரை மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் செய்த குற்றத்துக்கு வரும் சம்மன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.