வீட்டுக்குள்ளேயே இருந்த நாணயம்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 15:1-32)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் மூன்று உவமைகள் சொல்கிறார். காணாமற்போன ஆடு, காணாமற்போன நாணயம், காணாமற்போன மகன். ஆட்டைப் பற்றியும் மகனைப் பற்றியும் பலமுறை சிந்தித்திருக்கிறோம். நடுவில் இருக்கும் நாணயத்தை மட்டும் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். இன்று அதனருகில் சற்று நிற்போம். எங்கள் பங்கில் நடந்த ஒரு நிகழ்ச்சி அதற்கு உதவும்.

எங்களுடையது மலைப்பகுதிப் பங்கு. இங்குள்ள கன்னியர் மடத்தின் தையல் கூடத்தில், கையால் சுற்றிக் காலுறை பின்னும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த அருள்சகோதரிகள் கொண்டுவந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பனிக்காலத்துக்கான காலுறைகளை அதில்தான் பின்னினார்கள். ஆனால் 11 ஆண்டுகளாக அது சாக்குத் துணிக்குள் முடங்கிக் கிடந்தது. காரணம், முக்கியமான ஒரு பாகம் அதில் இல்லை.

பின்னல் இயந்திரத்தின் வரலாறு நீண்டது. இங்கிலாந்தின் கால்வெர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ 1589இல் முதல் காலுறைப் பின்னல் இயந்திரத்தை உருவாக்கினார். அவர் ஒரு திருச்சபைப் பணியாளர் என்பது மரபு. அரசி முதலாம் எலிசபெத் அதற்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார். லீ பிரான்சுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லெஸ்டர் நகரின் மேத்யூ டவுன்செண்ட், கொக்கியை மூடித் திறக்கும் சிறு நாக்கு வைத்த ஊசிக்குக் காப்புரிமை பெற்றார். எங்கள் மடத்து இயந்திரத்தில் இருப்பவையும் அத்தகைய ஊசிகளே. உருளையைச் சுற்றி 72 ஊசிகள்.

கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வோர் ஊசியும் மேலே ஏறும். புது நூலைக் கொக்கியில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கும். இறங்கும்போது பழைய கண்ணியைத் தலைக்கு மேலாகக் கழற்றிவிடும். அந்தப் புது நூலைக் கொண்டுவந்து கொடுக்கும் சிறு பாகத்துக்கு ஃபீடர் என்று பெயர். ஊசியின் நாக்கு வேளை கெட்டு மூடிக்கொள்ளாமல் காப்பதும் அதுதான். எங்கள் இயந்திரத்தில் இல்லாமற்போனது இந்த ஃபீடர். அது இல்லாமல் சுற்றினால் ஊசிகள் ஒழுங்காகத்தான் ஏறி இறங்கும். ஆனால் ஒரே சுற்றில் 72 கண்ணிகளும் நழுவி, அதுவரை பின்னிய துணி எடைக்கட்டியோடு தரையில் விழுந்துவிடும்.

சென்ற ஆண்டு இதைச் சீர்செய்ய முடிவெடுத்தோம். திருப்பூரில் பனியன் இயந்திரங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் அண்ணன் உதவிக்கு வந்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய கிரீஸைக் கரைத்தோம். வளைந்த ஊசிகளை மாற்றினோம். பித்தளையில் புது ஃபீடர் ஒன்றைச் செய்துபார்த்தார். சற்று விலகியிருந்தால் ஊசி நூலைப் பிடிக்கவில்லை. சற்று நெருங்கினால் கொக்கி இடித்து ஒடிந்தது. மூன்று முறை செய்தும் சரிவரவில்லை.

கடைசியில் எடைக்கட்டிகள் இருந்த மரப்பெட்டியைத் துடைப்பதற்காகக் கவிழ்த்தோம். அடியில், எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிப்போன அரைகுறைக் காலுறை ஒன்று ஒட்டிக் கிடந்தது. பிரித்தால், உள்ளே அந்த ஃபீடர்! துடைப்பதற்காக யாரோ கழற்றி, பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

நேயர்களே, எங்களால் மகிழ முடியவில்லை. 11 ஆண்டுகளுக்கு முன் அந்த இயந்திரத்தை ஓட்டியவர் 19 வயதுப் பெண். ஏழைக் குடும்பம். பாகம் காணோம் என்றதும், அவர்தான் பழைய இரும்புக்காரனிடம் விற்றுவிட்டார் என்று பேச்சு எழுந்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை. யாரும் அவருக்காகப் பேசவுமில்லை. அவர் தையல் கூடத்துக்கு வருவதை நிறுத்தினார். பிறகு கோவிலுக்கு வருவதையும் நிறுத்தினார்.

அவர் வீட்டுக்குப் போனோம். "உள்ள வாங்க சாமி" என்று அழைத்தார். பாகத்தை அவர் கையில் வைத்து, "தப்பு எங்க மேலதாம்மா. மன்னிச்சிருங்க" என்றோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கெடைச்சிருச்சு சாமி. எங்கம்மா இதைத் தெரிஞ்சுக்காமலேயே போய்ச் சேந்துட்டாங்களே" என்றார். எங்களிடம் பதில் இல்லை. ஞாயிறு திருப்பலியில் உண்மையை அறிவிக்க அனுமதி கேட்டோம். "சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. பழி பேரோடதானே வந்துச்சு" என்றார். அப்படியே செய்தோம்.

இப்போது உவமைக்குத் திரும்புவோம். ஆடு வழிதவறிப் போனது. மகன் தானாகப் பிரிந்து போனான். நாணயம் எங்கும் போகவில்லை. வீட்டில் இருந்தவர் கைதவறவிட்டது அது. அந்தப் பெண் என்ன செய்தார்? பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்படவில்லை. தன் வீட்டில் விளக்கேற்றினார், தன் தரையைக் கூட்டினார், கிடைக்கும்வரை தேடினார். அக்கம்பக்கத்தாரை அழைத்ததெல்லாம் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளத்தான். நாங்களோ விளக்கேற்றும் முன்பே ஊரைக் கூட்டிவிட்டோம்.

போதிய ஆதாரமின்றிப் பிறர்மேல் குற்றம் உண்டென்று நம்புவதே பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2477ஆம் எண்ணில் கற்பிக்கிறது. உண்மைக்கு எதிரான குற்றம் மன்னிக்கப்பட்டாலும், அதனால் விளைந்த கேட்டை ஈடுசெய்யும் கடமை நீங்காது என்கிறது 2487ஆம் எண். ஒப்புரவு அருள்சாதனத்தோடு முடிந்துவிட்டது என்று நாம் இருந்துவிட முடியாது. பழி போன வீடுகளுக்கெல்லாம் உண்மையும் நடந்து போக வேண்டும். எல்லா வீட்டுக்கும் அது போய்ச்சேராது என்பதுதான் இந்தப் பாவத்தின் கொடுமை. அந்தத் தாயிடம் இனி நாங்கள் போக முடியாது.

இயந்திரம் இப்போது ஓடுகிறது. இந்தப் பனிக்குப் பிள்ளைகளுக்குக் காலுறை உண்டு. அந்தச் சகோதரி இன்னும் திருப்பலிக்கு வரவில்லை. வரச்சொல்லி வற்புறுத்தும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் நாங்கள் விடைபெறும்போது வாசல்வரை வந்து, "அந்தத் திருகை ரொம்ப முறுக்காதீங்க சாமி, ஊசி இடிக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, நம் குடும்பத்திலும் அன்பியத்திலும் வராமற்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களாகப் போனார்களா, நாம் தவறவிட்டோமா என்று இந்த வாரம் நம் வீட்டிலேயே விளக்கேற்றித் தேடுவோம். தவறு நம்முடையது என்று தெரிந்தால், அவர்கள் வரட்டும் என்று இராமல் நாமே அவர்கள் வாசலுக்குப் போவோம். அதற்கான துணிவை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.