பரிசில்லாத போட்டி

கதைப் போட்டி என்றதும் பரிசும் நடுவரும் நினைவுக்கு வருவது இயல்பு. இவை இரண்டும் இல்லாமல், ஒரு மாளிகையில் கூடிய நண்பர்களுக்கிடையே நிகழ்ந்த போட்டியொன்று, உலக இலக்கியத்துக்கு இரண்டு கதைகளை அளித்தது. இரண்டும் இன்றுவரை வாழ்கின்றன. ஆயினும் அவற்றை எழுதிய இருவரும் ஒரே வகையான மதிப்பைப் பெற்றாரல்லர். திறமை மாத்திரம் இதற்குக் காரணமன்று. உடனிருந்த எழுத்தாளர் நடந்துகொண்ட முறையும் காரணமாகும்.

1816ஆம் ஆண்டு யூன் மாதம். முந்திய ஆண்டு ஏப்பிரலில் சும்பாவாத் தீவிலே தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, ஐரோப்பாவிலே கோடையின் வெம்மை தோன்றவேயில்லை. மழையும் குளிருமே நிலவின. ஜெனீவா ஏரிக்கரையில் டியோடாட்டி என்னும் மாளிகையில் பைரன் பிரபுவும் அவருடைய மருத்துவர் பொலிடோரியும் தங்கியிருந்தனர். அயலிலே கவிஞர் ஷெல்லியும், அவ்வாண்டின் இறுதியில் அவர் மணந்துகொண்ட மேரியும் குடியிருந்தனர். ஒன்றுகூடிய இரவுகளில், பிரெஞ்சு மொழியிலே பெயர்க்கப்பட்ட ஜெர்மானியப் பேய்க்கதைகளை வாசித்து அவர்கள் பொழுது போக்கினர். அப்பொழுதுதான், ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதவேண்டும் என்று பைரன் முன்மொழிந்தார்.

புகழ்பெற்ற பைரன் சில பக்கங்களோடு நிறுத்திக்கொண்டார். ஷெல்லியும் தொடங்கியதைக் கைவிட்டார். பதினெட்டு வயதுடைய மேரி எழுதத் தொடங்கிய கதையே ‘பிராங்கன்ஸ்டைன்’. அதனைச் சிறுகதையாக விட்டுவிடாது பெருங்கதையாக வளர்க்கும்படி தூண்டியவர் ஷெல்லி. கையெழுத்துப் பிரதியில் அவர் செய்த திருத்தங்களை ஒக்ஸ்போர்ட் போட்லியன் நூல்நிலையத்தில் இன்றும் காணலாம். முன்னுரையும் அவரே எழுதினார். 1818இல் அந்நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தபோது, ஷெல்லியே அதனை எழுதினார் என்று வால்டர் ஸ்கொட் தமது மதிப்புரையில் கருதினார். மேரி அம்மையார் அவருக்குக் கடிதம் எழுதி உண்மையைத் தெரிவித்தார். பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்திக்கு அது வியக்கத்தக்க சாதனை என்று பைரனும் தம் பதிப்பாளருக்கு எழுதினார். 1823இல் வந்த பதிப்பு அம்மையாரின் பெயரைத் தாங்கிற்று.

பொலிடோரியின் கதையோ வேறு. பைரன் கைவிட்ட கருவை எடுத்து, ‘வம்பயர்’ என்னும் இரத்தம் உறிஞ்சும் பேயின் கதையை அவர் எழுதினார். 1819 ஏப்பிரலில் இலண்டன் சஞ்சிகையொன்று அதனைப் பைரன் எழுதிய கதையென்றே வெளியிட்டது. பைரன் மறுத்தார், பொலிடோரியும் தம் உரிமையை எடுத்துரைத்தார். கரு பைரனுடையது, எழுத்துத் தம்முடையது என்று அவர் ஒளிக்காமற் கூறினார். எனினும் பைரன் பெயரோடேயே பதிப்புகள் தொடர்ந்து வந்தன. தமதன்று என மறுத்த பைரன், அது இன்னாருடைய நல்ல படைப்பு என்று உலகறியப் பாராட்ட முன்வரவில்லை. 1821இல், இருபத்தைந்து வயதில், பொலிடோரி மறைந்தார். 1831இல் மேரி அம்மையார் போட்டியின் வரலாற்றை எழுதியபோதும், பொலிடோரி தொடங்கிய வேறொரு கதையை நகைத்துக் குறிப்பிட்டாரேயன்றி ‘வம்பயர்’ பற்றி ஒன்றும் கூறவில்லை. 1897இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த ‘டிராகுலா’வுக்கு முன்னோடி அந்தச் சிறு கதையே.

அதே முன்னுரையில் அம்மையார் மற்றொன்றையும் தெளிவாக்கினார்: கதையின் ஒரு நிகழ்ச்சியேனும் கணவர் தந்ததன்று, ஆனால் அவருடைய தூண்டுதல் இல்லையேல் நூல் அவ்வுருவம் பெற்றிராது. உதவியை மறவாமலும், உரிமையை விடாமலும் பேசிய பேச்சு இது.

போட்டி முடிந்தபின் தோழரைப் போற்றுவதென்பது மாலை சூட்டுவதோடு முடிவதன்று. அவர் எழுதியதைக் கருத்தோடு வாசித்தல், முடிக்கும்வரை ஊக்குதல், முடித்தபின் இது இவருடையது என்று பிறர் கேட்கச் சொல்லுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். மேரிக்கு முதலிரண்டும் தடையின்றிக் கிட்டின. மூன்றாவது சில ஆண்டுகள் தாமதித்தே வந்தது. பொலிடோரிக்கு அந்த மூன்றாவது, அவர் உயிரோடிருந்த காலத்தில் உடனிருந்தோரிடமிருந்து கிட்டவேயில்லை. பரிசில்லாத போட்டியிலும் ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கக்கூடிய பரிசு அதுவே. அதற்குச் செலவாவது ஒரு நல்ல சொல் மாத்திரமே.