ஒளியும் தூரமும்



புதிதாகக் காமிரா வாங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. எந்த அளவுகளை வைத்துப் படமெடுப்பது என்பது ஒன்று. எந்த லென்ஸை வாங்குவது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை கூறுவது ஒளி. இரண்டாவதற்கு விடை கூறுவது தூரம். இதனை எனக்குக் கற்பித்த இடம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரி.

அது ஒரு பனிக்காலக் காலைப்பொழுது. ஏரியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலை கவிழ்ந்து இரை தேடிக்கொண்டிருந்தன. என்னிடமிருந்தது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே. அதன் வழியே நோக்கியபோது பறவைகள் வெறும் வெண்புள்ளிகளாகத் தோன்றின. ஆசை மிகுதியால் சேற்றில் இறங்கி நெருங்கினேன். கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிட்டது. பதறி விசையை அழுத்தினேன். ஷட்டர் வேகம் 1/60 நொடியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. எனக்குக் கிடைத்தது கலங்கிய ஒரு வெண்மையே. அருகில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "நீ படம் புடிக்கிறதுக்காக அதுங்க பட்டினி கெடக்கணுமா, தம்பி?" என்றார். படம் கெட்டதைவிட அச்சொல்லே என்னை மிகவும் வருத்தியது.

அன்று நான் செய்த பிழைகள் இரண்டு. முதலாவது, அளவுகளைப் பற்றியது.

இதே மாவட்டத்தில் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அதன் மதகை அகலத் திறந்து சிறிது நேரம் நீர் விடலாம். சிறிதே திறந்து நெடுநேரமும் விடலாம். வெளியேறும் நீரின் அளவு ஒன்றாகவே இருக்கக்கூடும். காமிராவில் ஒளி புகுவதும் இவ்வாறே. மதகின் அகலம் போன்றது அப்பர்ச்சர் எனப்படும் ஒளித்துளை. திறந்திருக்கும் நேரம் ஷட்டரின் வேலை. ஒளித்துளையின் எண்கள் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று செல்லும். எண் பெருகப் பெருகத் துளை சிறுத்து, ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறையும்.

நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு 100 ஆக இருக்கும்போது, ஒளித்துளை 16, ஷட்டர் 1/125 நொடி என்று வைத்தால் படம் ஏறக்குறையச் சரியாக அமையும். 11-க்கு 1/250, 8-க்கு 1/500, 5.6-க்கு 1/1000 என்று மாற்றினாலும் ஒளியின் அளவு ஒன்றே. ஆயினும் படம் ஒன்றன்று. முதல் அளவில் கரையோரப் படகும் தொலைவிலுள்ள அடிவானமும் ஒருங்கே தெளிவாக விழும். கடைசி அளவில் பறக்கும் சிறகு உறைந்து நிற்கும், பின்புலம் மங்கும். அன்று எனக்கு வேண்டியிருந்தது 1/1000. எதைக் காட்ட விரும்புகிறோம் என்று முடிவு செய்யாதவனுக்கு எண்களால் பயனில்லை.

இரண்டாவது பிழை, தூரத்தைப் பற்றியது. பறவைக்கும் நமக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியை நான் மதிக்கவில்லை. பூநாரைக்கு 400 மில்லிமீட்டர் போன்ற நெடிய லென்ஸ் வேண்டும். அல்லது பறவைகளைச் சிறிதாகவே விட்டு, பரந்த ஏரியைப் படமாக்கும் பொறுமை வேண்டும். கைப்பேசித் திரையை விரல்களால் விரித்துப் பெரிதாக்குவது பல வேளைகளில் படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி வேறன்று.

இனி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வாருங்கள். நெருக்கமான கடைசல் பட்டறையில், இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியைப் படமெடுக்க அனுமதி பெற்றிருக்கிறீர்கள் என்று கொள்வோம். பின்வாங்க அங்கே இடமில்லை. 24 அல்லது 28 மில்லிமீட்டர் அகல லென்ஸே மனிதரையும் இயந்திரத்தையும் ஒருசேரக் காட்டும். ஒளி குறைவாதலால் ஒளியுணர்வை 1600 வரை உயர்த்த நேரிடும்; படத்தில் சற்றே பொரிபொரியாகத் தோன்றினாலும் பாதகமில்லை. ஏரிக்கு உதவிய நெடிய லென்ஸ் இங்கே உதவாது.

அப்படியானால் எல்லா லென்ஸுகளையும் வாங்கிவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. வீட்டாரின் மாத வருமானத்தை ஒரு கண்ணாடியில் கொட்டுமுன், கையிலுள்ள ஒரே லென்ஸுடன் சில மாதங்கள் பழகுங்கள். எடுத்த படங்களைப் பார்த்து, எங்கெங்கே தூரம் போதவில்லை, எங்கெங்கே இடம் போதவில்லை என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பேடே உங்களுக்குரிய லென்ஸைச் சொல்லும்.

சென்னையில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. தம் கருவியை அறிந்திருந்தார். அதனினும் மேலாக, விலங்குகளின் இயல்பை அறிந்திருந்தார்.

மறு ஆண்டு நான் மீண்டும் பழவேற்காடு சென்றேன். லென்ஸ் அதே 50 தான். இம்முறை சேற்றில் இறங்கவில்லை, கரையிலேயே அமர்ந்தேன். படத்தில் பறவைகள் சிறியனவே. ஆயினும் அவை தலை கவிழ்ந்து, அச்சமின்றி, இரை தேடிக்கொண்டிருக்கின்றன.