வானொலிச் சிந்தனை: கடவுளின் கணக்கில் விலங்குகளும்



இந்த வாரம் திங்கள் முதல் புதன் வரை திருப்பலியில் யோனா நூலிலிருந்து வாசிக்கக் கேட்டோம். யோனா என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது திமிங்கலம்தான். மறைக்கல்வி வகுப்பில் படம் வரையச் சொல்லிப் பாருங்கள். நினிவே நகரை யாரும் வரையமாட்டார்கள். வாயைப் பிளந்த திமிங்கலத்தைத்தான் வரைவார்கள். நூலில் இருப்பது என்னவோ ஒரு பெரிய மீன் மட்டுமே. அது யோனாவை விழுங்கித் தண்டிக்க வந்ததுபோல நாம் கதை சொல்கிறோம். ஆனால், கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றிக் கரையில் சேர்த்தது அந்த மீன்தான். இறைவாக்கினர் கீழ்ப்படிய மறுத்து ஓடினார், மீன் கீழ்ப்படிந்தது.

திமிங்கலங்களுக்காகச் சிறைக்குப் போன ஒரு மனிதரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பெயர் பால் வாட்சன். கனடாவில் பிறந்தவர். 2024 ஜூலை 21 அன்று அவருடைய கப்பல் எரிபொருள் நிரப்புவதற்காக கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கில் வந்து நின்றது. காவல்துறையினர் கப்பலில் ஏறி அவருக்கு விலங்கிட்டு அழைத்துச் சென்றார்கள். கப்பலின் பெயர் ஜான் பால் டிஜோரியா. நம் திருத்தந்தையின் பெயரென்று எண்ணிவிட வேண்டாம். அவருடைய பணிக்குத் துணைநிற்கும் ஓர் அமெரிக்கத் தொழிலதிபரின் பெயர் அது.

கைதுக்குக் காரணம் ஜப்பான் அரசின் வேண்டுகோள். 2010இல் அண்டார்டிக் கடலில் ஜப்பானியக் கப்பல் ஒன்றின் மீது துர்நாற்றக் குண்டு வீசி, வேலையைத் தடுத்து, ஊழியர் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினார்கள், அதற்கு இவரும் உடந்தை என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். 2012இலேயே இன்டர்போல் வழியாக அவரைத் தேடும் அறிவிப்பு வெளியாகியிருந்தது. நூக் நீதிமன்றம் காவலை மீண்டும் மீண்டும் நீட்டித்தது. டிசம்பர் 2 அன்று சிறையிலேயே அவருக்கு 74 வயது நிறைந்தது. ஜப்பானிடம் ஒப்படைக்கப்பட்டால் உயிரோடு வீடு திரும்புவாரா என்ற கவலை நண்பர்களுக்கு இருந்தது. ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்குப் பிறகு, டிசம்பர் 17 அன்று, அவரை ஒப்படைக்க முடியாது என்று டென்மார்க் அரசு முடிவு செய்து விடுதலை செய்தது. சம்பவம் நடந்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது ஒரு காரணம். கிரீன்லாந்தில் அவர் சிறையில் கழித்த நாள்கள் தண்டனையில் கழிக்கப்படும் என்ற உறுதி ஜப்பானிடமிருந்து வராதது மற்றொன்று.

யார் இந்த மனிதர்? 1975இல், கலிஃபோர்னியாவுக்கு அப்பால், கிரீன்பீஸ் இயக்கத்தின் இளைஞர்கள் சிலர் சிறிய ரப்பர் படகுகளில் சோவியத் வேட்டைக் கப்பல்களுக்கு எதிரே போய் நின்றார்கள். திமிங்கலத்துக்கும் ஈட்டி பாய்ச்சும் பீரங்கிக்கும் நடுவே நாம் நின்றால் சுடமாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஈட்டியோ அவர்கள் தலைக்கு மேலே பறந்து சென்று பாய்ந்தது. அடிபட்ட பெரிய ஆண் திமிங்கலம் ஒன்று இவர் இருந்த படகருகே நீரிலிருந்து எழுந்தது. அப்படியே விழுந்திருந்தால் படகில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். அது இவரைப் பார்த்துவிட்டுப் பின்னால் சரிந்து மூழ்கியது என்றும், அந்தக் கண்ணில் தாம் கண்டது இரக்கம் என்றும் வாட்சன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். திமிங்கலத்தின் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் படைத்தவர் அறிவார். அந்தப் பார்வைக்குப் பிறகு இந்த மனிதர் வேறு வேலைக்குப் போகவில்லை என்பதை உலகம் அறியும்.

அவருடைய வழிமுறைகள் எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். 1977இல் அவர் தொடங்கிய ஸீ ஷெப்பர்ட் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1986இல் ஐஸ்லாந்துத் துறைமுகத்தில் இரண்டு வேட்டைக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். யாரும் சாகவில்லை என்பது உண்மை. ஆனாலும், பிறர் உடைமையை அழிப்பதை நற்செய்தியின் வழியென்று என்னால் சொல்ல முடியாது. கிரீன்லாந்து மக்களிலும் பலருக்கு அவர்மேல் பிரியம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் உணவுக்காக, பன்னாட்டு ஆணையம் அளந்து கொடுத்த எண்ணிக்கைக்குள் திமிங்கலம் பிடிக்கிறவர்கள் அவர்கள்.

ஆனால் ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. கடந்த நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அதைக் கண்டு அஞ்சித்தான் 1982இல் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. அந்தத் தடையில் அறிவியல் ஆய்வுக்காகப் பிடிப்பதற்கு ஒரு விலக்கு இருந்தது. அந்த விலக்கைச் சொல்லித்தான் ஜப்பான் அண்டார்டிக்கில் வேட்டையைத் தொடர்ந்தது. 2014 மார்ச் 31 அன்று ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றம், அந்தத் திட்டம் அறிவியல் ஆய்வுக்கானதல்ல, அதன் உரிமங்களைத் திரும்பப் பெறுங்கள் என்று தீர்ப்பளித்தது. வாட்சன் தடுக்கப் போனது இதே வேட்டையைத்தான். நாடுகளுக்கிடையேயான வழக்கில் யாரையும் சிறையில் அடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பாருங்கள்: முறையற்றது என்று உலக நீதிமன்றமே சொன்ன வேட்டைக்காக ஒருவர்கூடக் காவலில் ஒரு நாள் இருக்கவில்லை, குறுக்கே போய் நின்றவர் ஐந்து மாதம் இருந்தார்.

ஜப்பானியரை இரக்கமற்றவர்கள் என்று பேசுவதும் நியாயமல்ல. போருக்குப் பின் பசியால் வாடிய அந்த நாட்டில், பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் திமிங்கல இறைச்சிதான் இருந்தது. கயோய் என்ற கடற்கரை ஊரில் ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. அறுத்தபோது தாயின் வயிற்றில் கிடைத்த திமிங்கலக் குட்டிகளை அடக்கம் செய்து, 1692இல் அங்கே கல்லறை எழுப்பினார்கள். கொல்லப்பட்ட திமிங்கலங்களுக்கு இறந்தோர் பதிவேடும் வைத்தார்கள், நம் பங்குகளில் நாம் வைத்திருப்பதுபோல! தாங்கள் எடுப்பது ஓர் உயிர் என்பதை அந்த மீனவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று பசிக்காக என்று சொல்ல இடமில்லை. ஜப்பானியர்களே அந்த இறைச்சியை அரிதாகத்தான் உண்கிறார்கள். ஆனாலும் 2019இல் ஜப்பான் ஆணையத்தைவிட்டு விலகி, தன் கடற்பகுதியில் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியது. 2024இல் துடுப்புத் திமிங்கலத்தையும் பட்டியலில் சேர்த்தது. உலகில் இரண்டாவது பெரிய உயிரினம் அது. அதற்கென்றே காங்கெய் மாரு என்ற புதிய தாய்க்கப்பலும் கடலில் இறங்கியது. அதை மறிக்கப் போகும் வழியில்தான் வாட்சன் நூக்கில் பிடிபட்டார்.

'சாமி, நாமும் மீன் பிடித்துச் சாப்பிடுகிறோமே' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. விலங்குகளை உணவுக்குப் பயன்படுத்துவதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தடுக்கவில்லை. தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. ஒரு மீன் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட முட்டையிடும். துடுப்புத் திமிங்கலம் ஏறக்குறைய ஓராண்டு சுமந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே குட்டியை ஈன்று பாலூட்டுகிறது. வெடிகுண்டு பொருத்திய ஈட்டி அதன் உடலுக்குள் வெடிக்கும்போது எல்லாத் திமிங்கலங்களும் உடனே சாவதில்லை. சில நிமிடக்கணக்கில் துடிக்கின்றன. வேட்டையை விட்டால் அவை மீண்டு வரும் என்பதும் கண்ட உண்மை. பிரேசில் பக்கத்துக் கடலில் சுமார் 450 ஆகக் குறைந்துபோன கூன்முதுகுத் திமிங்கலங்கள் இன்று 25,000 அளவுக்குப் பெருகியிருக்கின்றன.

இதெல்லாம் வடகடல் விவகாரம், நமக்கென்ன என்றும் சிலர் நினைக்கலாம். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழி கரையில் 80க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியது நினைவிருக்கும். நம் மீனவ மக்கள் அவற்றை ஆழ்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். கூட்டத்தைவிட்டுப் பிரியாத இனம் அது. விட்டதில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. 40க்கும் மேல் இறந்துபோயின. கயிறு பிடித்த அந்தக் கைகளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. ஒவ்வோர் உயிருக்கும் நம் பயன்பாட்டைத் தாண்டிய மதிப்பு உண்டு என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் எழுதினார். மணப்பாட்டு மக்கள் அதைக் கடல் நீரில் நின்று செய்து காட்டினார்கள்.

யோனா நூலின் கடைசிப் பகுதியை வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்காக யோனா சாகும் அளவுக்குக் கோபப்படுகிறார். ஒரு செடிக்கே இவ்வளவு வருந்துகிறாயே, இத்தனை மக்கள் வாழும் இந்த நகருக்காக நான் வருந்தக்கூடாதா என்று கடவுள் கேட்கிறார். மக்களின் எண்ணிக்கையைச் சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. அங்கிருக்கும் விலங்குகளையும் சேர்த்துச் சொல்கிறார். நூல் அங்கேயே முடிந்துவிடுகிறது. யோனா பதில் சொன்னாரா என்பது எழுதப்படவில்லை.

வாட்சன் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். 2025 ஜூலையில் இன்டர்போலும் தன் அறிவிப்பை நீக்கிக்கொண்டது. காங்கெய் மாரு இன்னும் கடலில்தான் இருக்கிறது. இன்று இரவு குடும்பச் செபத்தில், மனசாட்சியின் பொருட்டுச் சிறையில் இருப்பவர்களுக்காக ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பல் புறப்படும் ஷிமோனோசெகி துறைமுகத்தில், அதன் வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்காகவும் ஒன்று. அவர்களுக்கு வேறு நல்ல பிழைப்பு கிடைக்கட்டும். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.