சொல்லாமல் விட்ட ரிசல்ட்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் இருந்துவிட்டு வந்தவன் நீ, ஆராய்ச்சி பற்றி ஏதாவது பேசப்பா" என்றார். பெரிய ஆராய்ச்சி பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது. ஒரு சின்னத் தொகையைப் பற்றிப் பேசுகிறேன். அதற்கு முன்னால் இந்த மேடையில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2009-ல் நான் சிவில் இறுதியாண்டு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. தருமபுரிப் பக்கம் ஆறு கிராமங்களுக்குப் போய் 24 இடங்களில் தண்ணீர் எடுத்தோம். கண்ணாடி பாட்டில் கூடாது, பிளாஸ்டிக் பாட்டில்தான் என்று எங்கள் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கண்ணாடியோடு ஃபுளோரைடு வினை புரியும், அளவு தப்பாகிவிடும்.

ஒரு ஊரில் அடி பம்பில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தோம். இடுப்பில் ஒரு வயசுப் பேரனை வைத்துக்கொண்டு ஒரு ஆயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சோதிச்சுட்டு வந்து சொல்லுவீங்களா கண்ணு?" என்று கேட்டார். "கண்டிப்பா வந்து சொல்றோம் ஆயா" என்றேன்.

ரிசல்ட் வந்தது. அந்த அடி பம்பில் லிட்டருக்கு 3.1 மில்லிகிராம். இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம். அதே ஊரில் கோயிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் 0.8 தான். இரண்டுக்கும் நடுவே நடந்தால் ஐந்து நிமிஷம். ரிப்போர்ட்டை பைண்டு செய்து கொடுத்தோம், வைவாவில் நல்ல மார்க் வந்தது. ஊருக்கு மட்டும் யாரும் திரும்பிப் போகவில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆயாவை மறந்தே போனேன்.

சில வருஷம் கழித்து மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனேன். வெள்ளம் வந்தால் ஒரு சிறு நகரத்தில் தண்ணீர் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஆராய்ச்சி செய்பவர்கள் தங்கள் வேலையைப் பொதுமக்களிடம் கொண்டுபோவதற்குச் சின்னச் சின்ன நிதி ஒதுக்குகிறார்கள். சில நூறு பவுண்டு, மிஞ்சினால் ஓரிரு ஆயிரம். சம்பளத்துக்கோ கருவி வாங்கவோ அல்ல. ஹால் வாடகை, போக்குவரத்து, சார்ட், டீ செலவு, அவ்வளவுதான்.

நானும் விண்ணப்பித்தேன். ஃபாரத்தில், 'மக்களுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே இன்னொன்று இருந்தது: 'மக்களிடமிருந்து நீங்கள் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?' பேனா அங்கே நின்றுவிட்டது.

இந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. அந்த நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. 1985-ல் அங்கே ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், அதை எடுத்துச் சொல்வது விஞ்ஞானிகளின் கடமை என்பது அதன் சாரம். எடுத்துச் சொன்னால் போதும், நம்பிக்கை தானாக வந்துவிடும் என்றே அப்போது பலரும் நினைத்தார்கள்.

அடுத்த வருஷமே செர்னோபில் விபத்து. காற்றில் வந்த சீசியம் மழையோடு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் இறங்கியது. 1986 ஜூனில் ஆடுகளை விற்கத் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் நிபுணர்கள். அவர்கள் கணக்கு களிமண் நிலத்துக்கு உரியது. களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலையில் இருந்ததோ இலைதழை மக்கிய அமில மண். அது பிடித்து வைக்காது. சீசியம் புல்லில் ஏறும், புல்லிலிருந்து ஆட்டுக்கு, எச்சத்தில் மறுபடி மண்ணுக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஆடுகளை வேலிக்குள் அடைத்து ஒரு சோதனை செய்தார்கள். "மலையில் மேய்ந்த ஆடு, அடைத்துப் போட்டால் இளைத்துப் போகும்" என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் சோதனையைக் கைவிட வேண்டியதாயிற்று. மூன்று வாரம் என்ற தடை, கடைசிப் பண்ணைகளுக்கு நீங்கியது 2012-ல். இருபத்தாறு வருஷம்! பிரையன் வின் என்ற ஆய்வாளர் அந்த விவசாயிகளோடு பேசி இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பிறகு பைத்தியமாட்டு நோய் வந்தது. மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று பல வருஷம் சொல்லிவந்த அரசாங்கம், 1996-ல் மனிதருக்கும் அதனால் நோய் வந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. மக்களுக்கு விஞ்ஞானிகள் மேலிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2000-ல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று, ஒருவழிப் போதனை போதாது, இருவழி உரையாடல் வேண்டும் என்று எழுதியது. 2008-ல் இதற்கென்றே பிரிஸ்டலில் ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். என் ஃபாரத்திலிருந்த அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

எனக்கு 600 பவுண்டு கிடைத்தது. ஒரு சமூகக் கூடத்தில் வெள்ள வரைபடத்தை மேஜை மேல் விரித்து வைத்தேன். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, எங்கள் தெருவுக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் முதலில் வராது, பழைய மில்லுக்கு வெட்டிய கால்வாய் வழியாகத்தான் வரும் என்றார். அந்தக் கால்வாய் தெருவுக்கு அடியில் மூடிக் கிடந்தது. என் மாடலில் அது இல்லவே இல்லை. சேர்த்துக் கணக்கிட்டபோது படமே மாறிப்போனது. எட்டு மாசமாக என் கம்ப்யூட்டர் சொல்லாததை அவர் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரிதான் ஆயா ஞாபகத்துக்கு வந்தார்.

ஊருக்குத் திரும்பியபின், 2023-ல் அந்தக் கிராமத்துக்குப் போனேன். இப்போது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது. அந்தத் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆயா இருந்தார். யார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பேரன் பத்தாம் வகுப்பு. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறான். பல்லில் பழுப்புக் கறை. பிறந்ததிலிருந்து எட்டு வயசு வரை, பல் உருவாகும் காலத்தில் குடிக்கும் தண்ணீரால் வருவது அது; வந்தால் போகாது.

எல்லாம் எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2009-க்கும் 2013-க்கும் இடையே நாலு வருஷம் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது கோயில் கிணற்றிலிருந்து எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது என்றாவது சொல்லியிருக்கலாம். பஸ் செலவு நாலு பேருக்கும் சேர்த்து சில நூறு ரூபாய்தான்.

நமக்கு மனசில்லை என்று நான் நினைக்கவில்லை. திரும்பிப் போவதற்கு மார்க் கிடையாது, பணம் கிடையாது, கேட்பாரும் கிடையாது. 2022-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்புக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. நல்லதுதான். நம் அளவில் நாம் செய்ய ஒன்று இருக்கிறது.

நம் சங்கம் வருஷத்துக்குப் பத்து மாணவர் புராஜெக்ட்டுகளுக்குத் தலா 5,000 ரூபாய் தரட்டும். மொத்தம் 50,000. இன்றைய மதியச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன். மூன்றே நிபந்தனைகள். ஒன்று, விண்ணப்பம் ஒரே பக்கம், தமிழில். யாரிடம் போகிறோமோ அவர்கள் படிக்க முடிய வேண்டும். இரண்டு, பணம் பஸ்ஸுக்கும் சார்ட்டுக்கும் டீக்கும், நமக்காக ஒருநாள் கூலியை விடுபவர்களுக்கும்தான். பேனர், பொன்னாடை கிடையாது. மூன்று, திரும்பி வந்து போட்டோ தர வேண்டாம். அவர்கள் என்ன கேட்டார்கள், எதற்கு நமக்குப் பதில் தெரியவில்லை, அதனால் புராஜெக்ட்டில் என்ன மாற்றினோம் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

"பிள்ளைகள் அரைகுறையாகச் சொல்லி ஊரைப் பயமுறுத்திவிட்டால்?" என்று மேடையிலிருக்கும் சார் ஒருவர் காலையில் கேட்டார். சரியான கேள்வி. ஒரு தடவை அளந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மறுபடி அளந்து, ஆசிரியர் சரிபார்த்து, பஞ்சாயத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் தெரிவித்து, மாற்று வழியையும் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் போக வேண்டும்.

முதல் இரண்டு புராஜெக்ட்டுக்கான 10,000 ரூபாயை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன். மீதி எட்டுக்கு என் செட் நண்பர்களைப் பார்க்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையைக் குனிய வேண்டாம்!

தம்பி தங்கைகளே, எங்கள் ரிப்போர்ட் உங்கள் நூலகத்தில்தான் இருக்கிறது. அட்டவணையில் அந்த 3.1-ஐயும் 0.8-ஐயும் பாருங்கள். உங்கள் புராஜெக்ட்டிலும் இப்படி ஒரு எண் இருக்கும். அது யாருக்கு வேண்டிய எண் என்று கண்டுபிடியுங்கள். பஸ் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.