மருந்து வரும் வரை நாம் இருப்போம்



எங்க குழுவின் ஊக்குநராக இருந்த என் தோழியைப் பற்றிப் பேச வந்திருக்கேன். முதலில் அவள் கையில் பேனா நிற்கலை. தீர்மானப் புத்தகத்தில் அவள் கையெழுத்து மாசாமாசம் கோணிக்கிட்டே போச்சு. ஒரு இடத்தில் எலும்புத் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்ததில் எட்டு மாதம் ஓடிப்போச்சு. பிறகு புதுச்சேரி ஜிப்மரில் நரம்புப் பரிசோதனை செய்து, ஏ.எல்.எஸ். என்றார்கள்.

மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய் இது. கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என்று ஒவ்வொன்றாகப் போகும். இது தொற்றாது, யாருடைய சாபமும் இல்லை. பேச்சு நின்ற பிறகும் அவள் புத்தி தெளிவாகவே இருந்தது. வரவு செலவு நோட்டைக் காட்டினால், தப்பு இருக்கிற வரியில் கண்ணை நிறுத்துவாள். மூன்றாம் வருஷம் எங்களை விட்டுப் போயிட்டாள்.

முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் யாரும் சும்மா இருக்கலை. இளவயதில் வந்து, காது கேட்பதையும் பாதித்து, மெதுவாக நகரும் இதே இன நோய் ஒன்றை 1970-இல் நம் சென்னை மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அதற்கு ‘மெட்ராஸ்’ என்ற பெயரே உலகத்தில் நிலைத்தது. 1995-இல் ரிலுசோல் மாத்திரை வந்தது. ஆயுளைச் சில மாதம் நீட்டும். 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் கொடுத்த சிறு சிறு பணம் அமெரிக்காவில் ஒரே சங்கத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பண உதவியோடு நடந்த ஆய்வில், இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை 2016-இல் கண்டுபிடித்தார்கள். சிறுகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023-இல் ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டோஃபர்சன் என்ற மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. கதவு கொஞ்சம் திறந்திருக்கு.

அதுவரை நம்ம வேலை என்ன? வலி இல்லாமலே கை பலம் குறைந்து தசை இளைத்தால், பேச்சு குழறினால், நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்க. 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வரும். அதில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் நம் குழுப் பெண்கள்தான், கேளுங்க. பார்த்துக்கொள்கிறவரும் மனுஷர்தான், எங்க குழுவில் முறை வைத்து ஆளுக்கு ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்த நேரத்தில்தான் அவள் மகள் தூங்கினாள். ஒவ்வொரு குழுவும் இதையே தீர்மானமாக எழுதணும் என்று கேட்டு முடிக்கிறேன்.