லயத்து நோயாளரும் நமது தொண்டும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோயிலிலே விளக்கேற்றுவதும் தேரிழுப்பதும் தொண்டு. லயத்திலே படுத்திருக்கும் முதியவருக்கு வேளையறிந்து மருந்து கொடுப்பதும் தொண்டே. ஆகையால், நமது தோட்டங்களில் “சீனி வியாதி” என வழங்கும் நீரிழிவைப் பற்றிச் சில கூற முன்வந்தோம்.

இது புதிய நோயன்று; சரகரும் சுசுருதரும் மதுமேகம் என்று குறித்ததே. உண்ட உணவு சர்க்கரையாகிக் குருதியிலே கலக்கிறது. அதனை உடலுக்குப் பயன்படச் செய்வது கணையம் சுரக்கும் இன்சுலின். அது குறைந்தாலும், உடல் அதற்கு இணங்காவிடினும், சர்க்கரை குருதியிலேயே தேங்கும். 1921இல் கனடாவின் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். நமது நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் அம்மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. அதனை வீட்டிலே முறையாகக் கொடுப்பவர் யார் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

விடிந்ததும் தாய்மார் பெரட்டுக்குப் போகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகின்றனர். வாலிபரிற் பலர் கொழும்பிலே தொழில் செய்கின்றனர். முதியவர் தனித்திருக்கிறார். அவசரத்திலே ஊசியைப் போட்டு, ரொட்டியை மூடி வைத்துவிட்டுப் போனால், அவர் உண்ணாதிருக்கவும் கூடும். அப்போது சர்க்கரை தாழ்ந்துவிடும். நடுக்கமும் வியர்வையும் தோன்றும், பேச்சுக் குழறும். அதைக் கண்டோர் குடிவெறி என்பர், பேய்க் கோளாறு என்பர். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. உடனே 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிடின் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உணவு ஆயத்தமாகி, அவர் உண்பார் என்று உறுதியான பின்னரே ஊசி போடுதல் வேண்டும்.

சர்க்கரை ஏறினால் தாகம் மிகும்; அடிக்கடி சிறுநீர் போகும்; சோர்வு உண்டாகும். வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் சேர்ந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. காய்ச்சல் நாளிலே உணவு குறைந்தாலும் சர்க்கரை ஏறக்கூடும். ஆதலால் நாமாக இன்சுலினை நிறுத்தாமல், அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். தளர்ந்த முதியவருக்கு இளையவருக்குரிய கட்டுப்பாட்டை விதிப்பதும் தவறு. அவருக்குரிய இலக்கை வைத்தியரே கூறுவார்.

நமது குளிர்நாட்டிற்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. நீண்டகால நோயால் பாதம் மரத்துப்போகும். அப்பாதத்தை அடுப்பங்கரையில் காய்ச்சுவோர் தோல் வெந்ததையும் உணரார். அட்டை கடித்த புண்ணையும் அறியார். ஆகவே இரவுதோறும் வீட்டார் ஒருவர் பாதத்தைக் கண்ணாற் பார்க்க வேண்டும். இன்சுலின் குப்பியையும் அடுப்பருகே வைத்தலாகாது.

கோதுமை ரொட்டிக்குக் கிழங்குக் கறி என்றால் மாவோடு மாவு சேர்கிறது. ரொட்டியைக் குறைத்துக் கீரையும் பருப்பும் சேர்க்கலாம். கருப்பட்டியும் தேனும் தீங்கற்றவை என்பது வீண் நம்பிக்கை. அவையும் சர்க்கரையை ஏற்றும்.

பெரியோர்களே, ஒரு விண்ணப்பம். கந்தசஷ்டி விரதம் நமக்கு உயிர். ஆயினும் இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாது பட்டினி கிடத்தல் வேண்டாம். முருகன் அன்பரின் பக்தியைக் கேட்பானேயன்றி மயக்கத்தைக் கேளான்.

வாலிபர்களே, லயத்துக்கு ஒருவர் முன்வாருங்கள். தோட்ட டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஊசி, உணவு, சர்க்கரை அளவு ஆகியவற்றைக் கொப்பியிலே குறியுங்கள். தனித்திருப்பவரைப் பத்து மணிக்கு எட்டிப் பார்க்க அயல் வீட்டாரோடு முறை வகுங்கள். கோயிலிலே சர்க்கரைப் பொங்கலோடு சுண்டலும் வழங்க ஆவன செய்யுங்கள். இந்த மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகள் நாம். அவர்தம் முதுமையைக் காப்பது நமது கடன்.